செம்பருத்திக் கூடும் இரண்டாவது பிரேக்கும்

என் அக்கா வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுத் தருபவர். அவர் வண்டியில் பக்கத்து சீட்டில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்துப் பழகிய கால் வீட்டிலும் சும்மா இருக்காது. டிவியில் யாராவது வேகமாக ஓடினால்கூட தரையை மிதிப்பார்.

இப்பேர்ப்பட்ட அத்தானிடம் கற்ற அக்கா, லைசென்ஸ் டெஸ்டில் இரண்டு முறை கோட்டை விட்டாள். விடாமல் என்ன செய்வாள்? அவள் காலை எடுக்கும் முன்பே இவர் மிதித்துவிடுவார். தன் காலடியிலும் ஒரு பிரேக் இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, மூன்றாவது டெஸ்ட் மறுநாள் காலை. இதுவும் போனால் இனி ஸ்டியரிங்கையே தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

அத்தானுக்கோ அன்று வேறு கவலை. தோட்டத்துச் செம்பருத்தியில் கொண்டைக்குருவி கூடு கட்டியிருந்தது. மற்ற குஞ்சுகள் பறந்துவிட்டன. கடைக்குட்டி மட்டும் கூட்டின் விளிம்புக்கு வருவதும் உள்ளே போவதுமாக இருந்தது. அது சிறகை விரிக்கும்போதெல்லாம் அத்தான் மண்ணை மிதித்தார்.

"மெதுவா, மெதுவா! பின்னாடி பாரு!"

குஞ்சு மிரண்டு உள்ளே போனது. தாய்க்குருவி பாய்ந்து வந்து அவர் வழுக்கையில் நச்சென்று ஒரு கொத்து கொத்தியது. நானும் அவரிடம்தான் ஓட்டக் கற்றேன். எனக்கு வயிறு குளிர்ந்தது.

"நீங்க நிக்கிறதாலதான் அது கெளம்பல. உள்ள போங்க," என்றாள் அக்கா.

"பூனை வந்துட்டா?"

"நான் பாத்துக்கறேன். போங்கன்னா போங்க!"

அவரை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். அத்தான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். குஞ்சு விளிம்புக்கு வந்தது, விழுந்தது, பாதி வழியில் படபடவென்று அடித்துக்கொண்டு கோணல்மாணலாகப் போய் மதில்மேல் உட்கார்ந்தது.

"பின்னாடி பாக்கவே இல்லயே!" என்றார் அத்தான். கண் கலங்கியிருந்தது. பாவமாகத்தான் இருந்தது.

அக்கா கதவைத் திறக்கவில்லை. ஜன்னலுக்குள் கையை நீட்டினாள்.

"வண்டிச் சாவிய குடுங்க."

"இரு, நானும் வரேன்."

"வேணாம். தம்பி வருவான்."

அத்தான் என்னைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார், சாவியைக் கொடுத்தார்.

நான் அவர் சீட்டில் உட்கார்ந்தேன். என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது, தைரியம்தான் இல்லை. அந்த இரண்டாவது பிரேக்கை எங்கே மிதித்துவிடுவேனோ என்ற பயத்தில் சீட்டின்மேலேயே சம்மணம் போட்டுக்கொண்டேன். தெருமுனையில் ஒரு தண்ணீர் லாரி திடீரென்று குறுக்கே வந்தது. கண்ணை இறுக மூடினேன்.

வண்டி நின்றது. அக்கா மிதித்திருந்தாள்.

லாரி போகும்வரை நிதானமாகக் காத்திருந்தவள், என் முழங்காலில் ஒரு தட்டு தட்டினாள்.

"காலைக் கீழ போடுடா. சீட்டு அழுக்காகுது."