போன்மேல் போட்ட பழி

என் போனில் இப்போது எழுத்தைத் தானாகத் திருத்தும் வசதி இல்லை. அடுத்த சொல் இதுவாக இருக்கும் என்று முந்திக்கொண்டு எடுத்து நீட்டும் வசதியும் இல்லை. இரண்டையும் நிறுத்தியவன் என் தம்பி. அப்பா செத்து எட்டாம் நாள் படைக்கும் எட்டுச் செலவு அன்று, வீடு நிறைந்த சனத்துக்கு நடுவில் இருந்துகொண்டு நிறுத்தினான். போன்மேல் இல்லாத ஒரு குற்றத்துக்காக நிறுத்தினான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

தம்பி கனடாவில் இருக்கிறான். நான் யாழ்ப்பாணத்தில், சண்டிலிப்பாயில் அப்பாவோடு இருந்தேன். நான் ஏன் கலியாணம் கட்டவில்லை என்பது வேறு கதை, அது யாருக்கும் தேவையில்லாதது. அப்பா வெங்காயமும் புகையிலையும் பயிர் செய்த மனிதர். கடைசி ஒன்றரை வருடம் ஒரு பக்கம் இழுத்துக் கட்டிலோடு கிடந்தார். அவரைக் கழுவித் துடைத்து, கஞ்சி பருக்கி, மருந்து கொடுத்தது நான். அதைப் பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை. முறைப்பாடு முழுவதும் சொந்தக்காரர்மேல்தான்.

படுக்கையில் விழுந்த புதிதில் அப்பாவுக்கு மூச்சு முட்டியது. தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நான் பயந்துபோய்த் தம்பிக்கு, "உடனை வெளிக்கிட்டு வா" என்று சொன்னேன். அவன் ஒரு புது வேலையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. போட்டது போட்டபடி வந்து சேர்ந்தான். அவன் வார்டுக்குள் நுழையும்போது அப்பா எழும்பி இருந்து சொதி ஊற்றி இடியப்பம் தின்றுகொண்டிருந்தார்.

"ஏன்ரா வந்தனி? லீவோ?" என்று கேட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தம்பி திரும்பிப் போனபோது அந்த வேலை அவனுக்கு இல்லை. அவன் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் இங்கே மாமிமாரும் மச்சாள்மாரும் விடவில்லை. "உவளுக்கு எல்லாத்துக்கும் பதட்டம். வெளிநாட்டிலை இருக்கிற பிள்ளையை வெருட்டிப்போட்டாள்" என்று என் காதுபடவே கதைத்தார்கள். எனக்குக் கோபம் மூக்கின்மேல் வந்தது. இனி உறுதியாகத் தெரியாமல் அவனைக் கூப்பிடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறு மணிக்கு அவனுக்குச் செய்தி அனுப்புவேன். அங்கே அவன் வேலைக்குப் புறப்படும் காலை நேரம். "அப்பா சாப்பிட்டார். மருந்து குடித்தார். சுகம்." அதன் கீழே என் பாட்டில் ஏதாவது சேர்ப்பேன். அப்பா இன்று யாரை ஏசினார், எந்தக் காணிச் சண்டையை நினைத்துக் குமுறினார், புட்டு இறுகிப்போனதென்று எப்படி முகத்தைச் சுழித்தார் என்று எழுதுவேன். தம்பி அதைத்தான் விரும்பி வாசிப்பான்.

மாதங்கள் போகப் போக அந்த முதல் மூன்று வசனங்களையும் போன் பாடமாக்கிவிட்டது. 'அ' என்று தொட்டால் 'அப்பா' வரும். அதைத் தொட்டால் 'சாப்பிட்டார்' வந்து நிற்கும். மற்றபடி அது ஒரு கழுதைப் போன். எங்கள் பேச்சு அதற்குப் பிடிபடவே இல்லை. நான் ஆமென்பதற்கு 'ஓம்' என்று எழுதினால் பக்கத்தில் 'நமசிவாய' என்று கொண்டுவந்து வைக்கும். ஏதும் பிழையாகப் போய்விட்டால் "அது போன் செய்த வேலை" என்று எழுதிவிடுவேன். "உந்தப் போனை ஒருக்கா மந்திரிக்க வேணும் அக்கா" என்று தம்பி பதில் போடுவான்.

பிறகு ஒரு நாள் அப்பா கஞ்சியைக் கண்டதும் முகத்தைத் திருப்பினார். கோபமாக்கும் என்று நினைத்தேன். ஆறு மணிக்குப் போனை எடுத்தேன், சொற்கள் வந்தன, தொட்டேன், அனுப்பினேன். அடுத்த நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் கரண்டியால் விட்ட தண்ணீர் கடைவாயால் வழிந்தது. அப்பாவின் தங்கை, எங்கள் மாமி, பக்கத்தில் இருந்து அவருடைய காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தம்பிக்குச் சொன்னனியே?"

"நாளைக்குப் பாப்பம் மாமி. போன முறை மாதிரி எழும்பி இருந்தாரெண்டால் ஆர் பேச்சு வாங்கிறது?"

ஆறு மணிக்கு 'அ' என்று தொட்டேன். 'அப்பா' வந்தது. தொட்டேன். 'சாப்பிட்டார்' வந்து காத்துக்கொண்டு நின்றது. அந்தச் சொல்லைப் பார்த்தேன். அவசரத்தில் கை பட்டதில்லை. வேறு சொல் எழுத எனக்கு நேரம் இருந்தது, எழுத்தும் தெரியும். அந்தச் சொல்லையே தொட்டேன். "மருந்து குடித்தார். சுகம்." முதல் இரண்டு நாளைப் போல அன்றும் கீழே சேர்க்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. "சந்தோசம் அக்கா" என்று தம்பி பதில் போட்டான்.

மறுநாள் விடிந்த பிறகு, நான் தேத்தண்ணீருக்குக் கேத்தில் வைத்துவிட்டு வருவதற்குள் அப்பா போய்விட்டார்.

கொள்ளி வைக்க மகன் வரவேண்டும் என்று உடலை மூன்று நாள் வீட்டில் வைத்திருந்தோம். தம்பி கொழும்பிலிருந்து வான் வண்டி பிடித்து வந்து இறங்கினான். பெட்டிக்குக் கிட்டப் போய் அப்பாவின் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றான். அவன் சத்தம் போட்டு அழுதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் அழவில்லை.

எட்டுச் செலவு அன்று அப்பாவுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்தோம். சாப்பிட்டு முடிந்து எல்லோரும் விறாந்தையில் இருந்தபோது மாமி கதையோடு கதையாகச் சொன்னார்.

"மூண்டு நாளா ஒரு வாய் வைக்கேல்லை, பாவம். தண்ணியும் இறங்கேல்லை."

தம்பி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். வேறு சிலரும் பார்த்தார்கள். சாவை அறிவிக்க எடுத்தபோது தம்பியிடமிருந்து கேள்விப்பட்ட ஒரு மச்சாள் கேட்டே விட்டாள்: "அப்ப தம்பிக்குச் சாப்பிட்டார் எண்டெல்லோ மெசேச் போனது?"

நான் வெற்றிலைத் தட்டை இழுத்து வெற்றிலை அடுக்கினேன். தம்பிதான் பதில் சொன்னான்.

"அது அக்கா எழுதினதில்லை. உந்தப் போன் தன்ரை பாட்டிலை எழுதிப்போடும். கொண்டாங்கோ அக்கா, உதை இண்டைக்கு நிப்பாட்டிவிடுறன்."

போனை வாங்கி அங்கே இங்கே தட்டினான். "சரி, இனித் தன்ரை பாட்டிலை ஒண்டும் எழுதாது" என்று திருப்பித் தந்தான். சனம் தலையாட்டியது. போன்கள் செய்யும் அநியாயங்களைப் பற்றி ஆளுக்கொரு கதை சொன்னார்கள். நான் எழும்பிக் குசினிக்குள் போய்ப் பாத்திரம் கழுவினேன். அன்றைக்கு என்னை நான் வெறுத்தேன்.

செத்தவீட்டுக்கென்று கொடுத்த லீவில் நின்று, முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை முடித்துக்கொண்டு தம்பி போய்விட்டான். பிறகும் ஆறு மணி வந்தால் கை தானாகப் போனுக்குப் போகும். எழுத ஒன்றுமில்லை, திரும்ப வைத்துவிடுவேன். ஒரு நாள் வைக்கவில்லை. 'அ' என்று தொட்டேன். ஒரு சொல்லும் வரவில்லை. எழுத்துக்கு எழுத்தாக நானே தேடித் தேடி எழுதினேன்.

"அப்பா அந்த மூண்டு நாளும் சாப்பிடேல்லை. அதைப் போன் எழுதேல்லை தம்பி. நான்தான் தெரிஞ்சு அனுப்பினனான். உன்னைக் கூப்பிட்டிருந்தால் உயிரோடை பாத்திருப்பாய்."

அனுப்பிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வாசித்துவிட்டான் என்று காட்டியது. எழுதுகிறான் என்று காட்டியது. பிறகு நின்றது. மறுபடி எழுதினான்.

"தெரியும் அக்கா. அந்த மூண்டு நாளும் கீழை நீங்கள் ஒண்டும் எழுதேல்லை. அப்பவே எனக்கு விளங்கினது. போன் எடுத்துக் கேட்டால் வெளிக்கிட வேண்டி வரும், இந்த வேலையும் போயிடும் எண்டு கேக்காமல் இருந்திட்டன். அண்டைக்குப் போனிலை பழியைப் போட்டது உங்களுக்காக மட்டுமில்லை."

இரண்டு முறை வாசித்தேன். பிறகு "ஓம்" என்று எழுதினேன். பக்கத்தில் எதுவும் வரவில்லை.