மந்திரவாதிக்காக ஒரு சண்டை

மாயாஜால நாவல் ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில், எங்கள் எல்லோருக்கும் பிடித்த தொடர் நாவலில் வரும் மூத்த மந்திரவாதியைப் பற்றி வாக்குவாதம். "அவர் தவறே செய்யாதவர்" என்றேன். "தவறை ஒப்புக்கொண்டதால்தான் அவர் ஞானி" என்று புனைபெயரில் ஒருவர் எழுதினார். "முதலில் புத்தகத்தைப் படியுங்கள்" என்று கிண்டலடித்தேன்.

ஞாயிறன்று ராயபுரம் பேக்கரியில் எல்லோரும் சந்தித்தோம். அந்தத் தொடரின் கடைசிப் பாகத்துடன் வந்து நின்ற புனைபெயர்க்காரர், நான் மேனேஜராக இருக்கும் பனியன் கம்பெனியில் துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை செய்யும் செல்வியக்கா!

"ஏனுங்க சார், நீங்கதானா அது?" என்று சிரித்தபடி, மந்திரவாதி மன்னிப்புக் கேட்கும் பக்கத்தைக் காட்டினார்.

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். "இந்தப் பாகத்தை நான் படிக்கவே இல்லீங்கக்கா. படமாத்தான் பாத்தேன். மன்னிச்சுக்கங்க" என்றேன்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அக்கா புத்தகத்தை என்னிடமே நீட்டினார். "படிச்சுட்டுக் குடுங்க சார். டீயக் கீயக் கொட்டிராதீங்க."

இரண்டு நாளில் முடித்தேன். அன்று பொய் சொல்லியிருந்தால், இவ்வளவு நல்ல கதையைப் படிக்காமலே இருந்திருப்பேன்.