மேட்டில் அத்தானை விட்டு நடந்த நாள்

டென்மார்க்கில் மலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் வீபோர்க் நகருக்குத் தெற்கே, ஹால்ட் ஏரியின் கரையில், டொல்லரூப் என்ற இடத்தில் செங்குத்தான சில மேடுகள் இருக்கின்றன. சரிவெல்லாம் குட்டைப் புதர்கள். மேலே செம்மறிகள் மேயும். அடியில் மரங்களுக்கிடையே ஓர் ஓடை. நாங்கள் வசிக்கும் ஹேர்னிங்கில் இருந்து காரில் முக்கால் மணி நேரம். இரண்டு வருடங்களாக ஒவ்வொரு சனிக்கிழமையும் என் அத்தானை, அக்காவின் கணவரை, அங்கேதான் நடக்கக் கூட்டிப்போனேன்.

முதல் நாள் காரை விட்டு இறங்கி நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கோ மச்சான் இவ்வளவு தூரம் ஓடி வந்தனி?" என்று சிரித்தார். பாதி ஏறியதும் மூச்சு வாங்கிச் செம்மறி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது அவருக்கு அறுபத்திரண்டு வயது. மறதி நோய் என்று மருத்துவர்கள் சொல்லிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நடக்கவிடுங்கள், தனியாக விடாதீர்கள் என்று நேர்ஸ் சொல்லியிருந்தாள்.

இங்கே வந்த எங்கள் தமிழ் ஆட்களில் டேனிஷ் மொழியை முதலில் பிடித்தவர் அத்தான். பின்னலாடை ஆலையில் வேலை முடிந்து வந்து, மற்றவர்களுக்காகக் கொமூன என்கிற நகரசபை அலுவலகத்துப் படிவங்களை நிரப்பிக் கொடுப்பார். கடைசியாகக் கற்ற அந்த மொழிதான் அவரை விட்டு முதலில் போனது. இரண்டு மகள்மாரும் கொப்பன்ஹேகனில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் விளங்கும், கதைக்க வராது. ஒருநாள் மூத்தவள் தொலைபேசியில் டேனிஷில் பேசிக்கொண்டிருக்க, அத்தான் அதை அக்காவிடம் நீட்டி, "ஆரோ வெள்ளைக்காரப் பிள்ளை கதைக்குது, என்னெண்டு கேளும்" என்றார். அக்கா வாங்கிக்கொண்டு அடுத்த அறைக்குள் போய்விட்டார்.

நான் சொல்ல வந்த சனிக்கிழமை நவம்பரில் வந்தது. தூறல். பாதையெங்கும் இலைகள் ஊறிக் கிடந்தன. அந்த வாரம் நான் வேலை செய்யும் யன்னல் தொழிற்சாலையில் ஆட்குறைப்புப் பற்றிக் கூட்டம் வைத்திருந்தார்கள். எனக்கு ஐம்பத்தாறு வயது, முழங்காலும் சரியில்லை. எந்த நேரமும் கடிதம் வரலாம் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

அத்தான் கேட்டார்: "மச்சான், கார்த் திறப்பு ஆரிட்ட?"

"என்னட்டத்தான் இருக்கு, அத்தான்." சாவியை எடுத்துக் காட்டினேன்.

பத்து அடி போனதும் மறுபடியும் கேட்டார். ஓடைப் பாலத்தில் கேட்டார். படிகளில் கேட்டார். ஒவ்வொரு முறையும் முதல்தடவை கேட்பவரின் அதே கவலை அவர் முகத்தில். எத்தனையாவது தடவையோ தெரியாது, நான் திரும்பி நின்று கத்தினேன்.

"எத்தினை தரம் சொல்லுறது! வாயை மூடிக்கொண்டு நடவுங்கோ. இல்லாட்டி இஞ்சயே நில்லுங்கோ!"

அவருக்குக் கோபம் வரவில்லை. "சரி மச்சான்" என்று மட்டும் சொன்னார்.

நான் ஏறத் தொடங்கினேன். கொஞ்ச நேரம் அவருடைய சப்பாத்துச் சத்தம் பின்னால் கேட்டது. அந்தச் சத்தம் கேட்காத தூரத்துக்குப் போக வேண்டும் என்றிருந்தது. முழங்கால் வலியையும் பாராமல் எட்டி நடந்தேன். உச்சியில் உட்கார ஒரு மர வாங்கு இருக்கிறது. அதில் இருந்து, சுடுதண்ணிப் போத்தலைத் திறந்து தேநீர் ஊற்றினேன். ஏரியைப் பார்த்தபடி ஒரு கோப்பை முழுவதும் குடித்தேன். பிறகு இன்னொன்று. ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்காத அந்த நேரம் எனக்குச் சுகமாக இருந்தது. அதை மறைத்து எழுதிப் பயனில்லை.

இறங்கி வந்தபோது படிகளில் அவர் இல்லை. பாலத்திலும் இல்லை. காருக்கு ஓடினேன், அங்கேயும் இல்லை. கூப்பிட்டுக்கொண்டே மறுபடி ஏறினேன். எதிரே வந்த டேனிஷ் தம்பதியிடம் சொன்னேன். கணவர் ஏரிப் பக்கமும் மனைவி மரங்களின் பக்கமும் தேடப் போனார்கள். நான் அவசர எண்ணுக்கு அடித்தேன். எவ்வளவு நேரமாகக் காணவில்லை என்று கேட்டார்கள்.

"ஐந்து நிமிடம்" என்றேன். அரை மணி தாண்டியிருந்தது.

வந்த பொலிஸ்காரரிடம், சிறுநீர் கழிக்க ஒதுங்கினேன், திரும்புவதற்குள் போய்விட்டார் என்றேன். அக்காவுக்கு அடித்து அதையே சொன்னேன். அவர் அழவில்லை. "தம்பி, கையுறை போட்டிருந்தவரோ?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஓம் என்றேன்.

பொலிஸ் நாய் வந்துசேர முன்னரே, நாயோடு நடக்க வந்த ஒரு பெண் அவரைக் கண்டுவிட்டாள். ஓடை வளைகிற இடத்தில் சரிவில் உருண்டு விழுந்திருந்தார். ஒரு கால் முழங்கால்வரை தண்ணீரில். அதில் சப்பாத்து இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அவள் தன் ஜக்கெட்டை அவர்மேல் போர்த்திவிட்டு, வெறும் சுவெட்டரோடு சேற்றில் முழந்தாளிட்டு அவருடைய கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கைகளில் கையுறை இல்லை. உதடுகள் நீலம் பாரித்திருந்தன. என்னைப் பார்த்தார்.

அம்புலன்ஸ்காரர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போனபோது அந்தப் பெண் என் பக்கத்தில் நடந்தாள்.

"ஒரே சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்" என்றாள். "மஷான், மஷான் என்று. தண்ணீர் கேட்கிறாரோ என்று நினைத்தேன். அதற்கு என்ன அர்த்தம்?"

"மனைவியின் தம்பி" என்றேன். "நான்தான்."

அவள் என் தோளைத் தொட்டாள். "அப்படியென்றால் நல்லது. நீங்கள் வந்துவிட்டீர்களே."

இடுப்பெலும்பு உடைந்திருந்தது. அறுவைச் சிகிச்சை செய்தார்கள். அதன் பிறகு நிமோனியா. மகள்மார் மாறிமாறி வந்து கட்டிலருகில் இருந்தார்கள். இளையவள் ஒருநாள் என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு டேனிஷில் கேட்டாள்: "மாமா, அப்பா எவ்வளவு நேரம் தனியாகக் கிடந்தார்?" அதிக நேரமில்லை என்றேன். அவள் நன்றி சொன்னாள். டிசம்பர் நடுவில், ஒரு காலை, நேர்ஸ்மார் உடுப்பு மாற்றிக்கொண்டிருக்கும்போதே அவர் மூச்சு நின்றுவிட்டது.

அடக்க ஆராதனையில் பாஸ்டர் என்னைப் பற்றியும் பேசினார். சொந்தச் சகோதரனும் செய்யாததைச் செய்த மைத்துனன் என்றார். சபையில் பலர் திரும்பி என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். நான் பாட்டுப் புத்தகத்தை விரித்து அதற்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரியில் அக்கா அத்தானின் உடுப்புகளைப் பிரிக்க என்னைக் கூப்பிட்டார். சேர்ட்டுகளை மடித்துக்கொண்டிருந்தபோது, தாங்காமல், நடந்ததை எல்லாம் சொன்னேன். கத்தியது, விட்டு நடந்தது, வாங்கில் இருந்தது, பொலிசுக்குச் சொன்ன பொய். அக்கா நிமிரவில்லை. கையில் இருந்த சேர்ட்டை மடித்து முடித்தார்.

"தேத்தண்ணி குடிச்சனியோ அங்க இருந்து?"

"ஓம்."

"எத்தினை கோப்பை?"

"ரெண்டு."

இன்னொரு சேர்ட்டை எடுத்தார். அதை மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"போன பங்குனியில நான் அவரைப் பாத்ரூமுக்குள்ள வைச்சுப் பூட்டினனான். ஒரு மணித்தியாலம் இருக்கும். வேலைக்கும் போய் வந்து, இரவிலயும் நித்திரை இல்லாமல், ஏலாமல் போச்சுது. கதவில தட்டித் தட்டி அழுதவர். நான் ரேடியோச் சத்தத்தைக் கூட்டி வைச்சிட்டு மரக்கறி வெட்டினனான்."

நான் அடுத்த சேர்ட்டை எடுத்து மடித்தேன்.

"பிள்ளையளுக்குச் சொல்லாத" என்றார். "உன்ர கதையும் வேண்டாம், என்ர கதையும் வேண்டாம்."

"என்னில கோவமோ அக்கா?"

"ஓம். இருக்கும்தானே. அவர் குளிரிலயெல்லோ கிடந்தவர்." மடியில் கிடந்த சேர்ட்டை மடித்து வைத்தார். "நாளைக்கும் வா. இந்த அலுமாரி இன்னும் முடியேல்லை."

அடுத்த நாளும் போனேன். மூன்று பைகள் நிரம்பின. அவற்றைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்ப் பழைய உடுப்புச் சேகரிக்கும் பெட்டியில் போட்டேன்.

தொழிற்சாலைக் கடிதம் எனக்கு வரவில்லை, பக்கத்து மேசைக்காரனுக்கு வந்தது. சனிக்கிழமைகளில் மேலதிக வேலை கிடைத்தால் எடுத்துக்கொள்கிறேன். கிடைக்காவிட்டால் அக்காவைக் கடைக்குக் கூட்டிப்போய் வருகிறேன். காரில் அதிகம் கதைப்பதில்லை. டொல்லரூப் பக்கம் நான் இன்னும் போகவில்லை. அந்தப் பெண்ணின் ஜக்கெட் அம்புலன்சோடு போய்விட்டது, அதை அவளிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றுகூட அன்று எனக்குத் தோன்றவில்லை. அவளுடைய பெயரையும் நான் கேட்கவில்லை.