வசனம் எடுத்த கை

எங்கள் வீட்டில் மிக்ஸி வாங்குவதா, இருக்கிற அம்மியோடே காலத்தை ஓட்டுவதா என்பதைக்கூட அப்பாவும் அம்மாவும் முடிவு செய்ததில்லை. கர்த்தர்தான் முடிவு செய்தார். அதற்கென்று அம்மாவிடம் ஒரு வாக்குத்தத்தப் பெட்டி இருந்தது. சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே நெருக்கி அடுக்கிய கலர் கலரான அட்டைகள், ஒவ்வொன்றிலும் வேதத்திலிருந்து ஒரு வசனம். முழங்காலில் நின்று ஜெபம் செய்துவிட்டு ஒன்றை உருவ வேண்டும். எது வருகிறதோ அதுதான் ஆண்டவருடைய பதில். மிக்ஸிக்கு, பயப்படாதே என்று வந்தது. வாங்கினோம். மூன்றே மாதத்தில் அது புகைந்து போனபோது அம்மா கடைக்காரனைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டினாள், ஆண்டவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அட்டையை உருவுவது என் வேலை. வீட்டிலேயே சின்னப் பிள்ளையின் கை கள்ளமில்லாத கை, அதுதான் பெட்டிக்குள் போக வேண்டும் என்று எங்கள் சபையில் ஒரு வழக்கம். பெரியவர்கள் எடுத்தால் அவர்களுடைய ஆசை விரலில் இறங்கிவிடுமாம். எனக்கு அப்போது பத்து வயது. பத்து வயதில் ஆசை இருக்காது என்று இவர்களுக்கு எந்தப் புண்ணியவான் சொன்னானோ தெரியாது. என்னிடம் இருந்த ஆசையை ஏற்ற விருத்தாசலம் ஜங்ஷனில் ஒரு கூட்ஸ் வண்டி பத்தாது.

என் ஆசையெல்லாம் அக்காதான். என்னைவிட எட்டு வயது மூத்தவள். எனக்குத் தலை வாரிவிட்டது அவள், வாய்ப்பாடு ஒப்பித்தது அவளிடம், அம்மா கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால் நான் போய் ஒளிந்துகொண்டது அவள் முதுகுக்குப் பின்னால். அம்மாவின் கோபம் எங்கள் தெருவுக்கே தெரியும். அப்பா செராமிக் கம்பெனியில் சூளைக்குள் பியூஸ் கட்டையும் ஊறுகாய் ஜாடியும் அடுக்குகிற வேலை செய்தார். வெள்ளை மண் படிந்த சட்டையோடு வந்து, குளித்து, சாப்பிட்டு, ஜெபத்தில் ஆமென் சொல்லிவிட்டுப் படுத்துவிடுவார். அம்மாவைக் கட்டிக்கொண்டபோது ஞானஸ்நானம் எடுத்தவர் அவர். ஆமென்னுக்கு மேல் அவருக்கு அபிப்பிராயம் கிடையாது.

அந்த வருடம் அக்கா பிளஸ் டூ முடித்தாள். பாஸ்டர் அலைந்து திரிந்து திருச்சியில் நர்சிங் படிக்க ஒரு இடம் பிடித்துக் கொடுத்தார். ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் இடம் வேறு பெண்ணுக்குப் போய்விடும். அக்காவுக்குத் தரையில் கால் பாவவில்லை. தெருவில் போகிறவர்களையெல்லாம் பிடித்து நிறுத்தி மணிக்கட்டைத் தொட்டுக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து நாடி எண்ணினாள். அம்மாவோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, எதுவானாலும் ஆண்டவரைக் கேட்டுவிட்டுத்தான் என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு அனுப்ப மனசில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். அக்காவும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள்.

சனிக்கிழமை அம்மா தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் பெட்டியைக் கவிழ்த்து ஒவ்வொரு அட்டையாகப் படித்தேன். முக்கால்வாசியும் போகச் சொல்லும் வசனங்கள்தான். எழுந்து போ, புறப்படு, நீ போகும் இடமெல்லாம் கூட இருப்பேன். எத்தனை பேரைத்தான் இந்த ஆண்டவர் ஊரைவிட்டுக் கிளப்பியிருக்கிறார்! கடைசியில் ஒரே ஒரு ரோஸ் அட்டை கிடைத்தது. அமைதியாக அமர்ந்திருந்து அவரே கடவுள் என்று அறிந்துகொள்ளச் சொல்லும் சங்கீத வசனம். அதை எடுத்துப் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

மறுநாள் ஆராதனை முடிந்து வந்து, அடுப்பில் கறிக்குழம்பு கொதிக்கக் கொதிக்க நாலு பேரும் முழங்காலில் நின்றோம். அம்மா கண்ணை மூடினால் லேசில் திறக்கமாட்டாள். பெரியப்பாவின் சர்க்கரை வியாதியில் தொடங்கி சூளையில் வேகும் ஜாடி வரைக்கும் ஜெபித்துவிட்டு, அக்காவுக்கு வந்ததும் குரல் உடைந்து அழுதாள். நான் இடுப்பிலிருந்த அட்டையை உள்ளங்கையில் மறைத்துப் பெட்டிக்குள் கையை விட்டேன். அந்த மத்தியானம் ஆண்டவர் எந்த அட்டையை எடுத்துக்கொடுக்க நினைத்திருந்தாரோ, அது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

சத்தமாக வாசித்தேன். அம்மா இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். “உக்காருன்னு சொல்லிட்டாரு” என்றாள் அம்மா, யாரையும் பார்க்காமல். அப்பா ஆமென் என்றார். அக்கா எழுந்து போய்க் குழம்பை இறக்கி எல்லோருக்கும் சோறு போட்டாள். அவள் அழவில்லை, ஒரு கேள்வி கேட்கவில்லை. சரிதான், அவளுக்கும் சம்மதம் என்று நான் இரண்டு துண்டு கறி கூடுதலாகவே தின்றேன். நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது.

அடுத்த மாதமே அக்கா செராமிக் கம்பெனியில் பொம்மைக்குக் கண் எழுதும் வேலைக்குப் போனாள். கொலு பொம்மை, செட்டியார் பொம்மை, மாடு, மயில். நாள் முழுக்கக் குனிந்து கண் எழுதிவிட்டு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். தலை வாரிவிடு என்று சீப்போடு போனால், “உங்கம்மாகிட்ட போ” என்றாள். சம்பாதிக்கிற திமிர் என்று எனக்குக் கோபம் வந்தது. இரண்டு வருடத்தில் திட்டக்குடியில் கட்டிக்கொடுத்தார்கள். யாரை வீட்டிலேயே வைத்துக்கொள்ள அந்த வேலை செய்தேனோ, அவள் போய்விட்டாள். அதற்கும் ஒரு அட்டை எடுக்கச் சொன்னார்கள். அதை நான் கள்ளமில்லாமல்தான் எடுத்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகு அக்கா கிறிஸ்துமஸுக்கு மட்டும் வருவாள். அம்மா போன் செய்தால் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுவாள். நான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முதலில் கரண்டிக்குப் பயம். அப்புறம், இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்கிற சோம்பல். போன வருடம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அம்மா, தூக்குப் பாத்திரத்தோடு நுழைந்த என்னைப் பார்க்காமல், ஊசி போட வந்த நர்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். “உங்கக்காவ இந்த டிரெஸ்ஸுல பாக்கணும்னு எவ்ளோ ஆசப்பட்டேன் தெரியுமா. போன்னு வரணும்னுதான் ஜெபம் பண்ணேன். ஆண்டவரு வேணாம்னுட்டாரு” என்றாள். அம்மாவிடம் மிச்சமிருந்தது அந்த ஆண்டவர் ஒருவர்தான். அவர் வேணாம் என்று சொல்லவே இல்லை என்று எந்த வாயால் சொல்வேன்? கஞ்சியை ஆற்றிக் கொடுத்தேன். பத்தாம் நாள் அம்மா போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள். அக்காவும் நானும் பின்வாசலில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தோம். கடைசி வரைக்கும் அம்மா உன்னைத்தான் கேட்டாள் என்றேன். அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“கேக்கட்டும். அனுப்ப இஷ்டம் இல்லன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம்ல? அட்டைய சின்னப் புள்ள கையில குடுத்து, ஆண்டவரு பேர சொல்லி ஏமாத்துனாங்களே. நான் அன்னிக்கு கண்ண மூடலடி. நீ இடுப்புலேர்ந்து எடுத்தத பாத்துட்டேன். உன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. நீ என்ன பண்ணுவ, சொன்னத செஞ்ச.”

கையிலிருந்த குண்டானைக் கீழே வைத்தேன். இத்தனை வருடம் அவள் கோபம் கர்த்தர் சொன்ன பதில் மேல் என்றுதான் நினைத்திருந்தேன்; அது அம்மா மேல். அம்மாவோ கடைசி மூச்சு வரைக்கும் காரணம் தெரியாமலே போனாள். இடம் பறிபோனதற்குத்தான் மகள் இன்னும் வருத்தப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டே போனாள்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சனிக்கிழமை பெட்டியைக் கவிழ்த்ததை, ரோஸ் அட்டையை, அம்மா ஆஸ்பத்திரியில் சொன்னதை. “அம்மாவுக்கு ஒன்னுமே தெரியாதுக்கா. நானாத்தான் செஞ்சேன். நீ என்ன விட்டுட்டுப் போயிடக் கூடாதுன்னு” என்று அழுதேன். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அதில் கோபமே இல்லை. பாவம் என்று பார்க்கிற பார்வை.

“செத்தவங்கள நல்லவங்களாக்க நீ ஏன்டி பழிய தூக்கித் தலையில போட்டுக்கிற? நீ எப்பவுமே அம்மா புள்ளதான்” என்றாள். சத்தியம் செய்தேன். பைபிள் மேல் கை வைக்கிறேன் என்றேன். அதைக் கேட்டு அவள் சிரித்தேவிட்டாள். சாயங்கால பஸ்ஸுக்குப் பையை எடுத்துக்கொண்டு, அப்பாவிடம் மட்டும் போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அம்மா படத்துப் பக்கம் திரும்பவில்லை.

செய்த தப்பை வாய்விட்டு ஒத்துக்கொண்டால் மன்னிப்பு உண்டு என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்த தைரியத்தில்தான் இடுப்பில் அட்டையைச் செருகினேன். பெரியவளானதும் ஒருநாள் சொல்லிவிட்டால் போயிற்று, அதற்கென்ன அவசரம் என்று நினைத்துக்கொண்டேன். சொன்னால் அவள் நம்பவும் வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது.