பிக்கப்புக்குப் போட்ட மாலை

வைதேகியின் பிக்கப்பை முதன்முதலில் பார்த்த அன்று நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். டன்லப் ஸ்திரீட்டில் எனக்குக் கல்யாணச் சாமான் வாடகைக் கடை. மணவறை, குத்துவிளக்கு, அம்மி, ஓமகுண்டம், அண்டா என்று எல்லாம் வைத்திருக்கிறேன். ஏற்றிப் போக ஒரு லாரி வேண்டுமென்று தெரிந்தவர்களிடம் சொல்லி வைத்திருந்தேன். வந்து நின்றதோ ஒரு பக்கக் கதவு மட்டும் வேறு வெள்ளையில் இருந்த சின்ன ஜப்பான் பிக்கப். இறங்கியதோ சுடிதாரும் விளையாட்டுச் சப்பாத்தும் போட்ட ஒரு பெண். இதிலா மணவறையை ஏற்றப் போகிறாய் என்று நக்கலாகக் கேட்டேன். அவள் தூண் எத்தனை, பலகை எத்தனை என்று மட்டும் விசாரித்தாள். நாற்பதே நிமிடத்தில் அத்தனையையும் ஏற்றிக் கட்டிவிட்டாள். கயிற்றைப் பிடித்து என் பலம் கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தேன், இம்மி அசையவில்லை. அன்றைக்கு மூடிய வாய் இது. பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். மாணிக்கம் கடையில் சாமான் எடுத்தால் திட்டு இலவசம் என்று தேக்கா வட்டாரம் முழுக்கப் பேச்சு. அதை மறுக்கவும் மாட்டேன். ஆனால் இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் வைதேகியை நான் திட்டியது இரண்டே முறை. இரண்டாவது முறையைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

அவள் பாய லேபாரில் ஒரு கூரியர் கம்பெனியில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தவள். எந்தப் பொட்டலம் எந்த வண்டியில் போக வேண்டும் என்று பிரித்துக் கொடுக்கும் வேலை. கம்பெனியை மூடியபோது மற்றவர்கள் நாற்காலி, மேசை என்று வாங்கிக்கொண்டு போனார்கள். இவள் மூன்று வயதுப் பிக்கப் ஒன்றை வாங்கினாள். அப்போது ஓட்டுநர் உரிமம் கூடக் கிடையாது என்றால் நம்புவீர்களா? வண்டியை வாங்கி நிறுத்திவிட்டு அப்புறம்தான் ஓட்டப் படித்தாள். அவள் கணவர் சின்னராசு பேருந்து ஓட்டுபவர். பொங்கோல் வீட்டில் தனக்கு ஒரு சக்களத்தன் இருக்கிறான், அவன் கார்ப்பார்க்கில் தூங்குகிறான் என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

பழுது பார்ப்பதையும் அவளே கற்றுக்கொண்டாள். காக்கி புக்கிட்டில் ஒரு சீனர் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனால், எல்லாரையும் போலக் கோப்பிக் கடைக்குப் போய் உட்கார மாட்டாள். மெக்கானிக் பக்கத்திலேயே நிற்பாள். என்ன கழற்றுகிறார், ஏன் கழற்றுகிறார் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். தொல்லை தாங்காமல் அந்த மனிதர் ஒருநாள் கையில் ஸ்பேனரைக் கொடுத்து நீயே செய் என்று சொல்லிவிட்டாராம். செய்துவிட்டாள்.

அவளிடம் ஒரு வழக்கம். இரவு வண்டியை நிறுத்தியதும் இஞ்சினுக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வைப்பாள். காலையில் எடுத்துப் பார்ப்பாள். பழுப்புச் சொட்டு விழுந்திருந்தால் எண்ணெய், பச்சைச் சொட்டு என்றால் ரேடியேட்டர் தண்ணீர், ஒன்றுமில்லை என்றால் நல்ல நாள். அட்டையில் தேதி போட்டு அடுக்கியும் வைத்திருக்கிறாள். பிள்ளையின் ஜாதகத்தைப் போல அதைப் பத்திரப்படுத்துகிறாளே என்று ஒருமுறை கேலி செய்தேன். அடுத்த வாரமே சொட்டின் அளவை வைத்து, இன்னும் பத்து நாளில் தண்ணீர்ப் பம்பு போய்விடும் என்றாள். பதினோராவது நாள் போனது. மாற்றுப் பம்பு வண்டியிலேயே இருந்தது. அடேயப்பா என்று அண்ணாந்து நின்றேன்.

பத்து வயதைத் தாண்டிய சரக்கு வண்டி இங்கே ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சோதனைக்குப் போக வேண்டும். அவள் பிக்கப் ஒரு தடவை கூடத் திரும்பி வந்ததில்லை. முன்பக்கக் கிரில்லில் ஒரு மர இலை ஒட்டியிருந்தாலும் சிக்னலில் இறங்கி எடுத்துப் போடுகிறவள் அவள். பிறகு எப்படித் திரும்பி வரும்?

இந்த ஆவணியில் வண்டிக்குப் பதினைந்து வயது முடிந்தது. அதைத் தெருவில் வைத்திருக்கும் உரிமை, அதுதான் சிஓஇ, காலாவதியாகும் நாள் வந்தது. இன்னும் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்கலாம், அதற்கு மேல் கிடையாது. கையிலிருந்த சேமிப்பை வழித்துப் போட்டுப் புதுப்பித்தாள். பட்டறைக்காரரே வேண்டாம் என்றாராம். இஞ்சின் உட்கார்ந்துவிட்டால் கட்டினது அத்தனையும் போச்சு, இன்னொரு வண்டி வாங்க உனக்குத் தெம்பு இருக்கிறதா என்று கேட்டாராம். தெம்பு இல்லை, அதனால் இஞ்சின் உட்காராது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஐந்து வருஷ உயிர் கிடைத்திருக்கிறது, சும்மா விடலாமா? ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் ஒன்று இருந்தது. உட்லண்ட்ஸில் ஒரு மண்டபத்தில் ஒன்பது மணிக்கு. சாமான் ஏற்றக் காலை ஆறு மணிக்கே வைதேகி வந்துவிட்டாள். அவள் உள்ளே குத்துவிளக்கை எண்ணிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, நான் பின்சந்துக்குப் போய் வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். முதல் நாளே பஃபலோ ரோட்டில் சொல்லிக் கட்டி வாங்கிய மாலையை எடுத்தேன். சாமந்தியும் சம்பங்கியும் வைத்து, கோயில் மூலவருக்குப் போடுகிற தடிமன். வண்டியின் அகலத்துக்குத் தொங்கவிட்டும் மிச்சம் இருந்தது, அதனால் இரண்டாக மடித்து, கிரில்லை மறைத்து இறுக்கிக் கட்டினேன்.

வெளியே வந்த வைதேகி அப்படியே நின்றாள். மாலைக்கு அருகில் போனாள், முடிச்சைத் தொட்டாள். அப்புறம் கையை எடுத்துக்கொண்டாள். நல்லா இருக்கா என்று நானே கேட்க வேண்டியதாயிற்று. நல்லா இருக்கு என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். இவ்வளவு செய்தும் ஒரு சிரிப்பு இல்லையே என்று எனக்குக் கடுப்பு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது.

பிகேஇ விரைவுச்சாலையில் மேடு ஏறும்போது அவள் மூக்கைச் சுருக்கினாள். எனக்கும் வாசனை அடித்தது, ஊதுவத்தி என்று நினைத்தேன்.

"அண்ணே, பூ வேகுது" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குப் பிறகுதான் சூட்டைக் காட்டும் முள் நகர ஆரம்பித்தது. நம்புங்கள், முள்ளுக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிட்டது. முன்னால் இருந்து வரும் காற்றுதான் ரேடியேட்டரைக் குளிர வைக்க வேண்டும். நான் அதன் வாயிலும் மூக்கிலும் பஞ்சை அடைத்த மாதிரி மாலையைக் கட்டியிருக்கிறேன். வேகத்தில் பூவெல்லாம் பிய்ந்து உள்ளே போய் ஒட்டிக்கொண்டது.

அவள் பதறவில்லை. வேகமிதியிலிருந்து காலை எடுத்து, ஓரத்துக்கு வந்து, புக்கிட் பாஞ்சாங் வெளிவழியில் வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு போய் ஒரு வீவக அடுக்குமாடிப் புளோக்கின் கார்ப்பார்க்கில் நிறுத்தினாள். இஞ்சினை அணை என்று நான் கத்தினேன். அணைக்கவில்லை. இறங்கிக் கத்தியால் மாலையை அறுத்துக் கீழே போட்டாள். மெதுவாக ஓடவிட்டால் விசிறி சூட்டை வெளியே தள்ளும், அணைத்தால் உள்ளேயே தேங்கிவிடும் என்றாள். முள் கொஞ்சம் இறங்கிய பிறகுதான் அணைத்தாள். நான் அதற்குள் பின்னாலிருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, இஞ்சின் மேல் ஊற்றப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்தாள் பாருங்கள், இரும்புப் பிடி.

"ஊத்துனீங்கன்னா வெடிச்சிடும். உக்காருங்க லா."

உட்கார்ந்தேன். ஓமகுண்டமும் அம்மியும் எங்கள் வண்டியில். அம்மி இல்லாமல் பெண் எதை மிதிப்பாள்? தெரிந்த லாரிக்காரர்கள் எல்லாரையும் கூப்பிட்டேன். முகூர்த்த ஞாயிறு, ஒரு வண்டியும் சும்மா இல்லை. பெண்ணின் அப்பா வேறு மூன்று தடவை அழைத்துவிட்டார். எனக்கு எடுத்துப் பேசத் தைரியம் வரவில்லை. நாலாவது தடவை வைதேகி என் கையிலிருந்து போனை வாங்கினாள். வண்டி சூடாகிவிட்டது, ஓட்டிய என் கவனக்குறைவு, எட்டு இருபதுக்கு மண்டப வாசலில் இருப்போம், வாழைமரம் கட்டக் கயிறு தயாராக இருக்கட்டும் என்று சொல்லி வைத்துவிட்டாள். எட்டு இருபது! சுமாராக எட்டரை என்று கூடச் சொல்லவில்லை.

பிறகு கூந்தலிலிருந்து கொண்டை ஊசியை எடுத்தாள். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்குள் சிக்கிய இதழ்களை ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தாள். நூற்றுக்கணக்கில் இருந்தன. ஒரு தகடும் வளையவில்லை. நடுநடுவே ரப்பர்க் குழாயைத் தொட்டுப் பார்த்தாள். தொட்ட விரலை எவ்வளவு நேரம் வைத்திருக்க முடிகிறது என்பதுதான் அவள் கடிகாரம். கடைசியில் மூடியைத் துணியால் சுற்றித் திறந்து, நூல் பிடித்த மாதிரி தண்ணீர் விட்டாள். எனக்கு எழுந்து கும்பிட வேண்டும் போல இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. இந்தக் கைக்கு முன்னால் நான் மாலை கட்டிய அழகைக் காட்டிப் பாராட்டு வேறு எதிர்பார்த்தேனே!

இஞ்சின் பிழைத்துவிட்டதா என்று கேட்டேன்.

"இப்ப பாத்தா தெரியாது. கொஞ்சம் ஓடணும். அவங்க சாமானை இறக்கிட்டுப் பாப்போம்."

மண்டப வாசலில் வண்டி நின்றபோது என் கைப்பேசியில் எட்டு பதினெட்டு. இறக்கி, மணவறையைப் பொருத்தி, வாழைமரத்தை நிறுத்தினோம். ஒன்பதேகாலுக்குக் கெட்டிமேளம் கேட்டது. வைதேகி உள்ளே போகவில்லை. கார்ப்பார்க்கில் வண்டியின் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். நானும் போய் நின்றேன்.

எண்ணெய் அளக்கும் கம்பியை உருவிப் பார்க்க வேண்டுமாம். கறுப்பாக இருந்தால் தப்பித்தோம். தே தாரேக், அதுதான் பால் தேநீர், நிறத்தில் கலங்கி இருந்தால் தண்ணீர் எண்ணெயில் கலந்துவிட்டது, இஞ்சின் முடிந்தது. முந்தாநாள் கட்டிய ஐந்து வருஷமும் அதோடு முடிந்தது. நிதானமாகத்தான் சொன்னாள். ஆனால் கம்பியின் வளையத்தில் விரலை நுழைத்தவள் உருவாமல் நின்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அண்ணே, கண்ணைத் திறங்க."

கம்பி நுனியில் எண்ணெய். கன்னங்கரேல். வெள்ளைத் துணியில் துடைத்து மறுபடி விட்டு எடுத்தாள். மறுபடியும் கறுப்பு. நான் அப்படியே கட்டாந்தரையில் உட்கார்ந்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு, உன் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தேன் என்று சொன்னேன்.

"கட்டினது நீங்க. கழட்டாம ஓட்டினது நான். தப்பு என்னுதுதான்."

அதைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்து வந்ததோ கோபம். தெரிந்தேதான் ஓட்டினாளா? சத்தம் போட்டுத் திட்டினேன். கல்யாணத்துக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு இலை ஒட்டினாலே இறங்கி எடுக்கிறவள், உனக்குத் தெரியாதா, முடிச்சைத் தொட்டாயே, அப்போதே அறுத்துப் போட்டிருந்தால் என்ன, உனக்குப் புத்தி எங்கே போனது என்று மூச்சு வாங்கும்வரை கேட்டேன்.

அவள் கம்பியை அதன் இடத்தில் செருகினாள். துணியை மடித்தாள். முன்மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"பன்னெண்டு வருஷமா இதுல மாலை ஏத்திட்டுப் போறேன் அண்ணே. பொண்ணுக்கு, மாப்பிள்ளைக்கு, சாமிக்கு, செத்தவங்களுக்கு. இதுக்குன்னு யாரும் ஒண்ணு போட்டதில்ல. மேடு ஏறுறதுக்கு முன்னால, புக்கிட் தீமா வரைக்குமாச்சும் போட்டுக்கிட்டுப் போகட்டும்னு நெனச்சேன். அங்க வந்ததும் கழட்டக் கை வரல."