தையல்கடை எமில்டாவின் ஹாலிவுட் படம்

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் தையல்கடை வைத்திருக்கும் எமில்டா ஹாலிவுட்டுக்குத் திரைக்கதை எழுதுபவள் என்பது பிளவுஸ் தைக்க வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள், "எந்த நடிகையைக் கண்டனீங்கள்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அவள் ஒருவரையும் கண்டதில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் அகதியாக டென்மார்க் போனவள். ஹெர்னிங் நகரில் பகல் முழுக்கத் தையல் தொழிற்சாலை, வீட்டுக்கு வந்தால் டெலிவிஷன். அங்கே ஆங்கிலப் படங்களுக்குக் கீழே டேனிஷ் எழுத்து ஓடும். காதால் ஒரு பாஷை, கண்ணால் இன்னொரு பாஷை என்று இரண்டையும் ஒன்றாகப் படித்தாள். நடிகர் நீட்டி முழக்கியதைக் கீழே ஒரே வரியில் முடித்திருப்பார்கள். அது அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது.

பிள்ளைகளின் படிப்புக்காக 2001இல் குடும்பம் லண்டனுக்கு வந்தது. கடை திறந்து மூன்றாம் வருடம், திரைக்கதை எழுதக் கற்பிக்கும் மாலை வகுப்பொன்றில் சேர்ந்தாள். பஸ் ஓட்டும் கணவர் யேசுரட்ணம் சாப்பாட்டு மேசையில் கதாநாயகியின் வசனங்களை வாசித்துக் காட்டுவார். அவருக்கு எங்கே மூச்சு வாங்குகிறதோ, அந்த இடத்தில் எமில்டா வெட்டிவிடுவாள்.

அவள் எழுதிய கதை இதுதான்: தையற்காரி ஒருத்தியிடம் ஒரு பெண் கல்யாண உடுப்பை இறுக்கித் தரச் சொல்லி வருகிறாள். மாப்பிள்ளையோ, அந்தத் தையற்காரியை விட்டுப்போன கணவன்.

வகுப்பு ஆசிரியை அதை ஓர் ஏஜென்டுக்கு அனுப்ப, லாஸ் ஏஞ்சல்ஸ் கம்பெனி ஒன்று வாங்கியது. ஆறு தரம் திருத்தச் சொன்னார்கள். பிறகு வேறொருவரை வைத்து எழுதினார்கள். உண்மை தெரிந்ததும் தையற்காரி உடுப்பைக் கிழித்துக் கதறுவதாக அவர் மாற்றியிருந்தார். அப்படியே படமும் எடுத்தார்கள்.

2009 வசந்தத்தில் எமில்டா எதுவும் எழுதவில்லை. ஊரில் போர் முடிந்துகொண்டிருந்த நாட்கள் அவை. கடையைப் பூட்டிவிட்டு, போரை நிறுத்தச் சொல்லி மற்றத் தமிழர்களோடு லண்டன் பாராளுமன்றத்தின் முன்னால் போய் நின்றாள்.

ஜூன் மாதம் தயாரிப்பாளர் போன் எடுத்தார். வெளியிடுவதற்கு முன் படத்தைப் போட்டுக்காட்டியதில், பார்த்தவர்கள் யாருக்கும் அந்த அழுகைக் காட்சி பிடிக்கவில்லை. மறுபடி எடுக்கப்போகிறோம், நீங்களே எழுதித் தருவீர்களா என்று கேட்டார்.

"இப்ப மட்டும் நீர் வேணுமாமோ?" யேசுரட்ணத்துக்குக் கோபம் வந்தது. "ஏலாது எண்டு சொல்லும்."

"இஞ்சேருங்கோ, நான் எழுதாட்டி அவள் உடுப்பைக் கிழிச்சுக்கொண்டுதான் நிப்பாள். எந்தத் தையற்காரி உடுப்பைக் கிழிப்பாள்?"

யேசுரட்ணம் யோசித்தார். "அது சரிதான். எழுதும்."

இரண்டு நாளில் எழுதி முடித்தாள். புதிய காட்சியில் தையற்காரி அழவில்லை. வாயில் ஊசிகளைக் கவ்வியபடி, மணப்பெண்ணை நிமிர்ந்து நிற்கச் சொல்கிறாள். கேட்டதைவிட அரை அங்குலம் தளர்த்திக் குத்துகிறாள். "கல்யாணத்தன்று நன்றாகச் சாப்பிட வேண்டும்," என்கிறாள்.

ஒக்டோபரில் ஒரு ஞாயிறு மத்தியானம் விம்பிள்டன் தியேட்டரில் இருவரும் படம் பார்த்தார்கள். அந்த இடத்தில் சனம் சிரித்தது. பிறகு சட்டென்று அமைதியானது. எமில்டா திரையைப் பார்க்காமல் சனத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிவில் ஓடிய பெயர்களில், எழுத்தாளர் இருவரில் அவள் பெயர் கடைசி: எமில்டா யேசுரட்ணம்.

"என்ரை பேரும் வந்திட்டுது!" என்றார் அவர்.

அடுத்த கதையையும் அதே கம்பெனி கேட்டிருக்கிறது. அதனால் இப்போது செவ்வாயும் புதனும் கடை பூட்டு. தைக்கக் கொடுத்த பிளவுஸ்களை வாங்க லண்டனின் மறுகோடிக் கிங்ஸ்பரியிலிருந்து ஒருநாள் வீணாக வந்து திரும்பிய அருள்மலர் அக்காவுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அவருடைய இரண்டு பிளவுஸ்களையும் எமில்டா நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.