கிளாட்வின் மாட்டிய பூஸ்டர்

இராமேஸ்வரம் விசைப்படகுகளுக்கு வயர்லெஸில் ஒரே சேனல்தான். ஒருவர் பேசி முடித்தபின்தான் அடுத்தவர் பேசுவார். படகோட்டி கிளாட்வினுக்கு மட்டும் அந்தப் பொறுமை கிடையாது. வயர்லெஸில் சிக்னலைக் கூட்டும் பூஸ்டர் மாட்டி, மற்றவர் குரலையெல்லாம் அமுக்கிவிட்டு வேறு படகிலிருக்கும் மச்சானிடம் ஊர்க்கதை அளப்பான். கேட்டால், "நீங்களும் வாங்கி மாட்டுங்கப்பா" என்பான். மாட்டினார்கள். அதற்குப்பின் சேனல் முழுக்க இரைச்சல்தான்.

ஐப்பசியில் அவன் படகில் பலகை பெயர்ந்து தண்ணீர் ஏறியது. மைக்கில் கத்தினான். பக்கத்துப் படகில் அது அரைகுறையாகக் கேட்டது.

"கிளாட்வின் கதையை ஆரம்பிச்சுட்டான், வயர்லெஸை அமத்துலே" என்றார் அந்தப் படகோட்டி.

அவனும் கூடப் போனவர்களும் பாம்பனில் பிணமாக ஒதுங்கினார்கள். அடக்கம் முடிந்து எல்லாப் படகும் மறுபடி கடலுக்குப் போனது. பூஸ்டரை எவனும் கழற்றவில்லை. முதலில் கழற்றுகிறவன் குரல் யாருக்கும் கேட்காதே.